கிட்டாரை மாற்றுவதற்கு முன்னால் ஆம்பைத் தூக்கி ஸ்டூல் மேல் வையுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னிடம் கிட்டார் கற்றுக்கொள்ளும் தம்பி ஒருவன் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து வண்டியில் வந்து இறங்கினான். முதுகில் கிட்டார், கால் வைக்கிற இடத்தில் ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர். உள்ளே வந்ததும் வராததுமாக, "அக்கா, இதை வித்துட்டு வேற வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றான்.

அவனுக்குப் பதினேழு வயது. வீட்டில் தறி ஓடுகிறது. ஒரு வருஷமாகச் சேர்த்த காசில் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார் அது, ஸ்ட்ரிங்கின் அசைவை மின்சாரமாக்குகிற பிக்கப் மூன்று, ஒவ்வொன்றிலும் ஒரே காயில் இருக்கிற 'சிங்கிள் காயில்' வகை, கூடவே வந்த 10 வாட் ஆம்ப். என்னடா குறை என்று கேட்டால் இரண்டு குறை சொன்னான். "நின்னு வாசிச்சா மந்தமா இருக்குக்கா, சத்தம் உள்ளுக்குள்ளயே கிடக்கிற மாதிரி. அதையே போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு." கடையில் கேட்டிருக்கிறான், இந்த விலை கிட்டார் அப்படித்தான் இருக்கும், இதைவிட இரண்டு மடங்கு விலையில் ஒன்று எடுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரே கிட்டார், ஒரே ஆம்ப், ஒரு பக்கம் மந்தம், இன்னொரு பக்கம் தகரம். எனக்கு அது உறுத்தியது. சரி, வாசி பார்க்கலாம் என்றேன். ஆம்பைத் தரையில் வைத்து, அதற்கு முன்னால் நின்று வாசித்தான். எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற ஸ்விட்ச் பிரிட்ஜ் பக்கம், அதாவது ஸ்ட்ரிங் கட்டியிருக்கிற அடிப்பக்கம். கிட்டாரில் எல்லாக் குமிழும் முழுக்க. ஆம்பில் கெயின் முழுக்க, பாஸ் (கீழ் ஒலி) முழுக்க, ட்ரெபிள் (மேல் ஒலி) முழுக்க, மிட் (நடு ஒலி) சுழி. ஆரம்பிக்கிற யாரும் இப்படித்தான் வைக்கிறார்கள், நானும் இப்படித்தான் வைத்தேன், ஏனென்றால் அந்தக் குமிழ்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது), ஸ்கேல் என்று விரலுக்குச் சொல்லித் தருகிறோம். விரலுக்கும் காதுக்கும் நடுவில் இருப்பதை விட்டுவிடுகிறோம்.

பிக்கப் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது என் மாமாவின் கடையில். செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை அவருடையது, தண்ணி மோட்டார், தறி மோட்டார், மிக்ஸி எல்லாம் வரும். என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரில் நெக் பிக்கப், அதாவது கழுத்துப் பக்கத்து பிக்கப், ஒருநாள் செத்துப்போனது, சத்தமே இல்லை. தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். கிட்டாரைப் பார்த்ததும் அவர் முதலில் தயங்கினார். பிக்கப்பைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியை எடுத்து, உள்ளே சுற்றியிருந்த செப்புக்கம்பியைப் பார்த்ததும் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைமுடி பருமன்தான் இருக்கும் அந்தக் கம்பி. இந்த வகை பிக்கப்பில் பெரும்பாலும் போடுவது 0.063 மில்லிமீட்டர் கம்பி, அதை எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மாமா கட்டுகிற மோட்டார் கம்பி இதற்குப் பக்கத்தில் கயிறு மாதிரி இருக்கும். "யாரு கண்ணு இதை அறுக்காம சுத்துனது" என்று கேட்டார், உண்மையான மரியாதையோடு.

கம்பி காயிலை விட்டு வெளியே வந்து பற்றவைத்த இடத்தில்தான் விட்டுப்போயிருந்தது. எனாமலைச் சுரண்டி, சால்டரிங் அயர்ன் முனையால் ஒரு பொட்டு ஈயம் வைத்தார். முள் வைத்த பழைய மீட்டரில் 5.8 கிலோ ஓம் காட்டியது. அப்புறம் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையை பிக்கப் மேல் ஒட்டவைத்துச் சட்டென்று எடுத்தார். முள் ஒரு துள்ளு துள்ளியது. மறுபடி வைத்தார், எதிர்ப்பக்கம் துள்ளியது. பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை, மேசை மேல் கிடக்கிற காயில் அது. நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு, "இது டைனமோ கண்ணு, அவ்வளவுதான். சைக்கிள்ல சக்கரம் சுத்தும், இங்க கம்பி ஆடுது" என்றார்.

அதுதான் விஷயம். பிக்கப்பில் இருக்கும் காந்தம், மேலே ஓடுகிற ஸ்ட்ரிங்கையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது. ஸ்ட்ரிங் அதிரும்போது காயில் வழியாகப் போகிற காந்தப்புலம் மாறுகிறது, மாறினால் காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்தது. சரியாக நூறு வருஷம் கழித்து 1931-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷம் என்பவர் இதே விதியை வைத்து கிட்டாருக்கு ஒரு பிக்கப் செய்தார். அடுத்த வருஷம் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து விற்பனைக்கு வந்த அந்த அலுமினிய கிட்டார் பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

ஸ்ட்ரிங் இரும்பாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே வருகிறது. நைலான் ஸ்ட்ரிங் மாட்டினால் இந்த வகை பிக்கப்பில் ஒன்றும் கேட்காது. கிட்டார் பக்கத்தில் நின்று கை தட்டிப் பாருங்கள், நல்ல பிக்கப்பாக இருந்தால் ஆம்பில் அது வராது. மைக் காற்றின் அசைவை வாங்குகிறது, பிக்கப் உலோகத்தின் அசைவை வாங்குகிறது. காயில் தளர்ந்துபோய்ச் சுற்றுகளே ஆட ஆரம்பித்தால்தான் பிக்கப் மைக் மாதிரி நடந்துகொண்டு, சத்தம் கூட்டும்போது வீல் என்று கத்தும். அதைத் தடுக்க பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கி எடுப்பார்கள். மாமாவிடம் சொன்னபோது, "நாங்க வார்னிஷ் ஊத்துறதும் அதுக்குத்தான்" என்றார். மோட்டார் காயிலில் கம்பி ஆடினால் எனாமல் தேய்ந்து புகைந்துவிடுமாம்.

சுற்று அதிகமானால் வோல்ட்டேஜும் அதிகம், சத்தமும் அதிகம். அதனால் 'ஹை அவுட்புட்' என்று போட்டிருந்தால் அதுதான் உசத்தி என்று வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் சுற்று ஏற ஏற மேல் ஒலிகள் மழுங்கும். ஒவ்வொரு பிக்கப்புக்கும், கேபிளோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு மேடு உண்டு, அந்த இடத்து ஒலியை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், அதைத் தாண்டியதை இறக்கிவிடும். சாதாரண சிங்கிள் காயிலுக்கு அந்த மேடு 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், அதனால்தான் அந்த மினுமினுப்பு. சுற்று கூடக்கூட மேடு கீழே இறங்கி வரும், குரல் தடிக்கும். காந்தம் அல்னிகோவா செராமிக்கா என்பதும் குரலில் தெரியும், ஆனால் அதைப் பற்றி ஆரம்பத்தில் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. முதலில் அந்த ஸ்விட்சை பிரிட்ஜ் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னேன்.

மாடியில் துணி காயப்போடுகிற கொடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முடிச்சுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கொடி அசைவதே தெரியாது, சின்னச் சின்ன நடுக்கம் மட்டும் இருக்கும். தள்ளிப் போகப் போக வீச்சு பெரிதாகும். பிரிட்ஜ் என்பது கிட்டாரின் முடிச்சு. அதற்கு ஒட்டிய பிக்கப்புக்குக் கிடைப்பது அந்தச் சின்ன நடுக்கங்கள்தான், ஸ்வரத்தின் அடி ஒலி குறைவு, மேலே அடுக்கடுக்காக நிற்கும் உப ஒலிகள் அதிகம். அதனால் குரல் கூர்மையாக, மெலிசாக வரும். நெக் பக்கத்து பிக்கப் பெரிய வீச்சைப் பார்க்கிறது, குரல் உருண்டையாக வரும். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ கிட்டார்களில் நெக் பிக்கப் கிட்டத்தட்ட ஸ்ட்ரிங்கின் நீளத்தில் கால் பங்கு இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரிங்கைத் திறந்து மீட்டும்போது அடி ஒலியின் நாலு மடங்கு வேகத்தில் அதிர்கிற உப ஒலிக்கு அந்த இடம் அசையாப் புள்ளி, ஆகவே அந்த ஒலி அந்த பிக்கப்பில் அநேகமாக விழாது. இடத்தை மாற்றினால் குரலில் எது சேர்கிறது, எது விடுபடுகிறது என்பதே மாறிவிடுகிறது.

அவனைத் தடித்த ஈ ஸ்ட்ரிங்கை மட்டும் மீட்டச் சொல்லி, ஐந்து நிலைகளிலும் ஸ்விட்சைத் தள்ளச் சொன்னேன். நெக் பக்கம் வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்து, "அக்கா, இது வேற கிட்டாருக்கா" என்றான். ஆறு மாதமாக அந்த ஸ்விட்ச் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.

அந்த ஐந்து நிலைக்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு உண்டு. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல் வந்தபோது ஸ்விட்சுக்கு மூன்று நிலைதான். இரண்டு நிலைகளுக்கு நடுவில் ஸ்விட்சை நிறுத்தினால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலித்து, கொஞ்சம் குழிந்த, கண்ணாடி போன்ற ஒரு குரல் வருவதை வாசிக்கிறவர்களே கண்டுபிடித்து, அங்கே ஸ்விட்ச் நிற்பதற்கு என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கம்பெனி ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டது 1977-ல்.

இப்போது இரைச்சல். சிங்கிள் காயில் என்றால் கூடவே ஒரு 'ங்ங்' என்ற ஹம் இருக்கும், அவனுக்கும் இருந்தது. காயிலுக்கு ஸ்ட்ரிங்கின் காந்த அசைவு வேறு, சுவருக்குள் ஓடுகிற கரண்ட்டின் காந்த அசைவு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் மடங்குகளும் அப்படியே உள்ளே வந்துவிடும். பழைய டியூப்லைட் சோக், தறி மோட்டார், மின்விசிறி ரெகுலேட்டர் எல்லாம் சேரும்.

இதில் நான் பட்ட பாடு ஏற்காட்டில். ஒரு டிசம்பரில் அங்கே ஒரு தேவாலயத்தில் கேரல் பாட்டுகளுக்கு வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஆம்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். சாயங்காலம், வெளியே பனி இறங்கிவிட்டது, உள்ளே குடில் முழுக்கச் சீரியல் லைட், ஓடி ஓடி எரிகிற வகை. கேபிளைச் சொருகியதும் ஆம்ப் பாட ஆரம்பித்துவிட்டது, லைட் ஓடுகிற தாளத்துக்கே ஏறி இறங்குகிறது அந்த இரைச்சல். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். லைட்டை அணைக்கச் சொல்ல மனசு வரவில்லை, குழந்தைகள் கட்டியது. என்ன செய்வது என்று திரும்பியபோது இரைச்சல் குறைந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினேன், இன்னும் குறைந்தது. காயில் ஓர் ஆன்டெனா, அது பார்க்கிற திசை மாறினால் வாங்குகிற இரைச்சலும் மாறும். கடைசியில் குடிலுக்குப் பக்கவாட்டில் நின்று, ஸ்விட்சை நெக்குக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட நிலையில் வைத்து வாசித்து முடித்தேன். என் கிட்டாரில் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்திருப்பார்கள், அதனால் அந்த நிலையில் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

ஹம்பக்கர் என்பது இந்தத் தந்திரத்தையே ஒரே பிக்கப்புக்குள் செய்வது. கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர் 1955-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1957-ல் கிப்சன் கிட்டார்களில் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காயில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசை, காந்த முனையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் நேரெதிராகப் பிறந்து கழிந்துவிடும். ஸ்ட்ரிங்கின் ஒலிக்குச் சுற்றும் எதிர், காந்தமும் எதிர், எதிரும் எதிரும் சேர்ந்து ஒன்றாகிவிடும், ஆகவே அது கூடும். இதற்கு விலையும் உண்டு. இரண்டு காயில் ஸ்ட்ரிங்கை இரண்டு இடத்தில் பார்ப்பதால் மிக மெல்லிய மேல் ஒலிகள் சில கழிந்துபோகும், சுற்றும் கூடுதல் என்பதால் மேடு கீழே இறங்கும். அதனால்தான் ஹம்பக்கர் குரல் தடிமனாக, இனிப்பாக இருக்கும். ஹார்ட் ராக் வாசிக்க எனக்கு அதுதான் பிடிக்கும். விரலால் மீட்டுகிற மெலடிக்கு என் பழைய சிங்கிள் காயிலை விட்டு நான் நகர மாட்டேன், இரைச்சலோடு சேர்த்துத்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். தொட்டால் சுரீர் என்று அடிக்கிறது என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். வீட்டில் எர்த் சரியில்லை அல்லது ஆம்பில் கோளாறு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகுதான் மறுபடி வாசிக்க வேண்டும். மூன்று முனை பிளக்கின் தடித்த முனையை உடைத்துவிட்டுச் சொருகுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

தம்பியின் கிட்டாரில் அடுத்துப் பார்த்தது பிக்கப்பின் உயரம். யாரோ ஏற்றி வைத்திருந்தார்கள், ஸ்ட்ரிங் கிட்டத்தட்ட உரசுகிறது. பக்கத்தில் இருந்தால் சத்தம் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கும். தடித்த ஸ்ட்ரிங்கில் மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கட்டைகள்) வாசித்தால் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிளந்து நெளிகிற மாதிரி கேட்கும். இதை ட்யூனிங் கோளாறு என்று நினைத்து அவன் இரண்டு முறை ஸ்ட்ரிங் மாற்றியிருக்கிறான். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்கின் அடிக்கும் காந்தத்தின் தலைக்கும் இடையில் ஸ்கேல் வைத்துப் பார்த்து, மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர், தடித்த பக்கம் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவாக இறக்கினோம். பிக்கப்பின் இரண்டு பக்கமும் இருக்கிற சின்ன ஸ்க்ரூதான், வீட்டில் இருக்கிற ஸ்க்ரூடிரைவர் போதும். கால் சுற்று திருப்பு, வாசி, கேள், மறுபடி கால் சுற்று. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எட்டாவது ஃப்ரெட்டில் அந்த நெளிசல் நின்றதும் ஸ்ட்ரிங்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வால்யூம் குமிழைப் பத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதை ஏழுக்குக் கொண்டுவாருங்கள், சத்தம் மட்டும் குறையாது, கூர்மையும் கொஞ்சம் மழுங்கும், ஏனென்றால் குமிழின் தடையும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து மேல் ஒலியை வடிகட்டும். கேபிளும் வாத்தியத்தில் சேர்த்திதான். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் மின்தேக்கம் சேரும், ஆறு மீட்டர் கேபிள் போட்டால் அந்த மேடு கீழே இறங்குவது காதுக்கே தெரியும். வீட்டுக்கு மூன்று மீட்டர் போதும்.

இனி ஆம்ப்.

இதைப் பெரும்பாலானவர்கள் சத்தம் கூட்டுகிற பெட்டி என்று நினைக்கிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆம்ப் வாத்தியத்தின் மறுபாதி. லண்டனில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் தன் முதல் ஆம்பைச் செய்தபோது ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற அமெரிக்க ஆம்பின் சர்க்யூட்டைத்தான் எடுத்துக்கொண்டார். வால்வ் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்), டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் இங்கிலாந்தில் கிடைத்தது, பின்பக்கம் திறந்த பெட்டியில் நாலு பத்து அங்குல ஸ்பீக்கர் இருந்த இடத்தில் பின்பக்கம் மூடிய பெட்டியில் நாலு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர். வரைபடம் ஏறக்குறைய ஒன்று, குரலோ இரண்டு உலகம்.

கெயின் என்பது முன்னால் இருக்கிற பகுதியை எவ்வளவு தள்ளுகிறோம் என்பது, வால்யூம் அல்லது மாஸ்டர் என்பது அதற்குப் பிறகு வெளியே விடுகிற அளவு. தண்ணித் தொட்டியின் விளிம்பு மாதிரி ஆம்புக்கும் ஓர் எல்லை உண்டு. அலை அதைத் தாண்டினால் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் முன்பு இல்லாத உப ஒலிகள் புதிதாகப் பிறக்கும், அதுதான் டிஸ்டார்ஷன். வால்வ் ஆம்பில் அந்த வெட்டு மெதுவாக வளைந்து வரும், எளிய டிரான்சிஸ்டர் ஆம்பில் சட்டென்று வரும், காதுக்கு அது முரடு. வெட்டுப்படும்போது இன்னொன்றும் நடக்கிறது. மெதுவாக மீட்டியதும் பலமாக மீட்டியதும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கெயினை முழுக்க வைத்துப் பழகுகிற பிள்ளைகளுக்கு விரலின் ஏற்ற இறக்கம் கேட்பதே இல்லை, கேட்காததைத் திருத்தவும் முடியாது. அவனுக்குக் கெயினை மூன்றில் வைத்து வால்யூமைக் கூட்டினேன். "தப்பெல்லாம் வெளிய தெரியுதுக்கா" என்றான். தெரியட்டும் என்றேன்.

மிட்டைச் சுழியில் வைப்பது இன்னொரு வழக்கம். கிட்டாரின் ஸ்வரங்கள் 82 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 1,200-க்குச் சற்று முன்னால் முடிந்துவிடும். வாத்தியத்தின் உடம்பு நடுவில்தான் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் அடியில் ஓர் உறுமலும் மேலே ஒரு கீச்சும்தான் மிச்சம். அறையில் தனியாக வாசிக்கும்போது பெரிதாகக் கேட்கும், கூட ட்ரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்தால் காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் ஐந்தில் வைத்தால் சமம் என்றும் இல்லை. ஃபெண்டர் வகை சர்க்யூட்டில் நடு ஒலி ஏற்கெனவே பள்ளத்தில்தான் இருக்கும், பாஸையும் ட்ரெபிளையும் சுழிக்குக் கொண்டுபோய் மிட்டை முழுக்கத் திருப்பினால்தான் ஏறக்குறைய சமமாக வரும். எண்களைப் பார்க்காமல் திருப்புங்கள்.

அவன் கேட்டான், "இதை ஹோம் தியேட்டர்ல போட்டா நல்லா இருக்குமாக்கா?" டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தால் குளவிக் கூடு கலைந்த மாதிரி இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கையை விரித்துவிடும், அந்தக் குறைதான் டிஸ்டார்ஷனின் முரட்டு நுனியை அரிந்து எடுக்கிறது. ஹோம் தியேட்டர் எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடும். ஸ்பீக்கர் எவ்வளவு செய்யும் என்பதற்கு நம் ஊரில் பாடம் தெருவிலேயே இருக்கிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, நாலு கடை தள்ளி அதே பாட்டைப் பெரிய பாக்ஸில் கேளுங்கள். குழாயில் பாடகர் குரல் மட்டும் மூன்று தெரு தாண்டும், தவிலின் அடி இருக்காது. பாக்ஸில் நெஞ்சு அதிரும். பாட்டு ஒன்றுதான்.

வாட் பற்றி இரண்டு வரி. 10 வாட்டுக்கு 20 வாட் இரண்டு மடங்கு சத்தம் இல்லை, 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய பத்து மடங்கு வேண்டும். வீட்டுக்குப் பத்து வாட் தாராளம். பழைய வால்வ் ஆம்ப் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் திறக்காதீர்கள், உள்ளே 300, 400 வோல்ட் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

அவன் சொன்ன அந்த மந்தமும் தகரமும் எனக்குப் பிடிபட்டது அம்மாவால். கூடத்தில் ஆம்புக்கு நேர் எதிரே, ஏழெட்டு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்து அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கெயினையும் மிட்டையும் சரிசெய்த பிறகும் ட்ரெபிள் குறைவாக இருக்கிறது என்று அவன் அதை மட்டும் பத்துக்குத் திருப்பி வாசித்தான். எனக்கும் சரியாகத்தான் பட்டது, நானும் நின்றுகொண்டிருந்தேன். அம்மா கீரையைத் தட்டில் போட்டுவிட்டு, "ஏன் கண்ணு, காது கூசுது" என்றார்.

அவனைக் கிட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்காரச் சொன்னேன். அதே செட்டிங்கில் அதே நாலு கார்டை வாசித்தேன். அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

கீழ் ஒலி ஸ்பீக்கரிலிருந்து எல்லாப் பக்கமும் பரவும். மேல் ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். ஆம்ப் தரையில் இருந்தால் அந்த வெளிச்சம் நம் கணுக்காலில் விழுகிறது, மேலே காதுக்கு வருவது மந்தமான மிச்சம். மந்தமாக இருக்கிறதே என்று ட்ரெபிளைக் கூட்டுகிறோம். நேர் எதிரே தரையில் வைத்த போனுக்கும், உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கும் அது ஊசியாகப் போய் இறங்குகிறது. ஆறு மாதமாக அவன் தன் கிட்டாரையே கேட்டிருக்கவில்லை.

சமையலறையிலிருந்து ஸ்டூலை எடுத்து வந்து ஆம்பை அதன் மேல் வைத்தோம், பின்னால் கொஞ்சம் சாய்த்து, ஸ்பீக்கர் அவன் முகத்தைப் பார்க்கிற மாதிரி. சுவர் மூலையிலிருந்தும் இரண்டடி முன்னால் இழுத்தோம், மூலையில் இருந்தால் பாஸ் ஊதிப்போகும். முதல் கார்டிலேயே அவனாகக் கை நீட்டி ட்ரெபிளை நாலுக்குக் கொண்டுவந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பாஸ். அப்புறம் வால்யூம் குமிழை எட்டுக்கு. நெக் பிக்கப்பில் மெதுவாக ஒரு மெலடி வாசித்தான், அம்மா கீரையை விட்டுவிட்டுக் கேட்டார். பன்னிரண்டு மணிக்குத் தட்டுவடை செட் வாங்கி வந்து சாப்பிட்டோம், விற்கிற பேச்சு வரவில்லை.

புதன்கிழமை ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். பின்னால் பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிற சத்தம், லேசான ஹம், அதற்கு மேல் அந்த மெலடி, உருண்டையாக, தெளிவாக, ஓர் இடத்தில் தாளம் தவறி மறுபடி பிடித்துக்கொள்கிறது. கீழே எழுதியிருந்தான்: "தார் சுத்துற ஸ்டூல் மேல வெச்சிருக்கேன்கா. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தா ஹம் பாதி போயிடுது. மிட் ஆறா, ஏழான்னுதான் தெரியல." அம்மா எங்கே உட்கார்ந்து கேட்பார்களோ அங்கே போனை வைத்து இரண்டையும் ரெக்கார்ட் பண்ணி அனுப்புடா என்று பதில் போட்டேன்.